இரும்புக்குள் வரப்புகள்

மே மாதம் வந்தால் நாங்கள் பேராசிரியர்கள் இல்லை, பிள்ளை பிடிக்கிறவர்கள். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எனக்கு வேலை. ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளில் ஏறி இறங்கி, எங்களிடம் சேரச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அந்த வருடம் நான் ஒருவரைக்கூடச் சேர்த்திருக்கவில்லை.

அதே வருடம்தான் என் பிஎச்.டி.க்குக் கடைசிக் கெடு. இரும்பைச் சூடாக்கினால் அதற்குள் நெருக்கியடித்திருக்கும் நுண்ணிய படிகங்கள் எப்படி வளர்கின்றன என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது என் ஆராய்ச்சி. கடைசிக் கணக்கு ஆய்வகத்தில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றால் கெடுவுக்குள் முடியாது. அதைத் தாங்குகிற கணினி கல்லூரியில் ஒன்றே ஒன்று. அதையும் அட்மிஷன் கவுன்டருக்குத் தூக்கப் போகிறார்கள் என்றதும் முதல்வரிடம் ஓடினேன்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு அட்மிஷன் கொண்டாங்க சார். கம்ப்யூட்டர் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

வெயிலில் பைக்கை விரட்டி, ராசிபுரம் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனேன். அம்மாவும் மகளும் இருந்தார்கள். மோர் கொடுத்தார்கள். பஸ் வசதி, ஹாஸ்டல், வேலைவாய்ப்பு என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். எனக்கே சலித்தது. நானும் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

"என்னங்க சார் படிக்கறீங்க?" என்றாள் மகள்.

கொல்லிமலை ஏறும்போது கீழே வயல்கள் வரப்பு வரப்பாகத் தெரியுமே, இரும்புக்குள்ளும் அப்படித்தான் என்றேன். சூடு ஏறினால் வரப்பு நகரும், பெரிய வயல் சின்னதை விழுங்கிவிடும்.

"எங்க பங்காளி ஊட்டு வரப்பாட்டமேதானுங்க" என்று அம்மா சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. "எந்த வரப்பு நகரும்னு முன்னாடியே சொல்ல முடியுங்களா?"

இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதைச் சொல்லத்தான் பாடுபடுகிறேன் என்றேன்.

"அப்ப நான் உங்க காலேஜ்லயே சேர்ந்துக்கறேனுங்க சார்."

விண்ணப்பம் பையில் தயாராக இருந்தது. எடுக்கும்போது மதிப்பெண்ணைக் கேட்டேன். அரசுக் கல்லூரியில் தாராளமாக இடம் கிடைக்கிற மதிப்பெண். எடுத்ததைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"வேண்டாம் சாமி. கவுன்சிலிங்குக்குப் போ. கவர்மென்ட் காலேஜே கெடைக்கும்."

இன்னொரு வீடு தேடிப் போக நேரமில்லை. வண்டியை எடுப்பதற்கு முன் ஆய்வக உதவியாளருக்கு ஃபோன் செய்து, கணினியைக் கொடுத்துவிடச் சொன்னேன்.

"கணக்கு இன்னும் ஓடிட்டிருக்குதுங்களே சார்?"

"நிறுத்திருங்க" என்றேன்.