அம்மனிடம் கொடுத்த வலைகள்

செங்கம் ரோட்டில் நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் எந்த அறையைப் பூட்டினாலும், நாலு எட்டு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். நேற்று அதைப் பார்த்து மாடி அறையில் தங்கியிருக்கும் ஒரு அம்மா சிரித்தார். சிரிக்கட்டும். இந்தப் பயத்துக்காகவே என்னை நம்பிய ஊர் ஒன்று இருந்தது.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். மழையில் ஏரி நிறைந்து மீன் சினை பிடிக்கும் காலத்தில் எல்லா வீட்டு வலையும் ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குள் போய்விடும். தையில் பொங்கல் வைத்த பிறகுதான் வெளியே வரும். ஊரே ஒன்றாக ஏரியில் இறங்கும். அதுவரை மீன் அம்மனுடையது. பாசி வாடையும் கற்பூரமும் கலந்து அங்கே ஒரு வாசனை அடிக்கும் பாருங்கள், வேறெந்தக் கோயிலிலும் நான் முகர்ந்ததில்லை. எட்டாவதோடு படிப்பை விட்ட என்னிடம் சாவியைக் கொடுத்தார் பூசாரி மாமா. "இவன் பயந்தாங்கொள்ளி. இவன்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்" என்றார்.

ஒரு ஐப்பசியில் என் மகள் பிறந்தாள். மனைவிக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. குழந்தை அழுது அழுது குரலே கம்மிவிட்டது. ஏரி விராலைக் குழம்பு வைத்துக் கொடுத்தால் பால் ஊறும் என்றார் மாமியார்.

"சாவி உன் இடுப்புலதானயா தொங்குது?" என்றாள் மனைவி. "ஒரு வலை எடுத்தா அம்மன் இன்னா கண்ணக் குத்திடுமா?"

கோயில் வரை போனேன். பூட்டைத் தொட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை. நேராகப் பூசாரி வீட்டுக்குப் போய்ச் சாவியை நீட்டினேன்.

"இத நீங்களே வச்சுக்குங்க மாமா. என்கிட்ட இருந்தா தொறந்துடுவேன்."

"இன்னாடா ஆச்சு?"

சொன்னேன். அவர் சாவியை வாங்கவில்லை. "போ, போய்ப் புள்ளயப் பாரு" என்றார். கோபமோ என்று வழியெல்லாம் கவலை.

பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு வீடாக வாசலுக்கு வந்தது. மாமா சொல்லியிருக்கிறார். போன தையில் பிடித்துக் காயவைத்த கருவாட்டில் மிச்சமிருந்ததை இலையில் மடித்துக் கொண்டுவந்தார்கள். "பூண்டு ஜாஸ்தியா போடும்மா" என்று ஆளுக்கொரு பக்குவம் வேறு.

"ஊரெல்லாம் போய் அழுதியா?" என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டாள் மனைவி. மறுநாளோ, அடுத்த நாளோ, குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது. நான்தான் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஏரி ஏலத்தில் போகிறது; எடுத்தவர் எந்த மாதமும் மீன் பிடிக்கிறார். கோயிலுக்கு வலை வருவதில்லை. போன மாதம் அதே மகளுக்குச் சென்னையில் பிரசவம். கடைக்குப் போனில் சொன்னதும், சுத்தம் செய்த விரால் வீட்டுக்கே வந்துவிட்டதாம்.

"சாப்டியாம்மா?" என்று கேட்டேன்.

"சாப்டேன்பா. இங்க பக்கத்துல யாருக்குமே கொழந்த பொறந்தது தெரியாதுப்பா."