நீலமாகாத தண்ணீர்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி மாணவி, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு சிறு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் கண்ணாடியெல்லாம் கைரேகை. பாட்டிலில் பழுப்பு நீர், அடியில் கரித்தூள்.

"சாதா அயோடின்தான், பயப்படாதீங்க. ஆஸ்பத்திரிக் கழிவுத் தண்ணியில கலந்து வர்ற கதிர்வீச்சு அயோடினை இந்த வெள்ளி பூசின கரி புடிக்குமான்னு பாத்துக்கினு இருக்கேன். லேப்ல குலுக்குற மிஷின் ரிப்பேரு. ரயிலு குலுக்கட்டும்னு எடுத்தாந்துட்டேன்."

தைராய்டு புற்றுநோய்க்கு அந்தக் கதிர்வீச்சு அயோடினையே மருந்தாகக் குடித்துத் தனியறையில் கிடந்தவன் நான். பாகாலா தாண்டியதும் நீர் தெளிந்தது. கைதட்டிவிட்டேன்.

"இருங்கண்ணா! நிறம் மட்டும் போயி, அயோடின் உள்ளயே ஒளிஞ்சிக்கினு இருக்கும்."

தெளிந்த நீரை மூடியில் ஊற்றி, கஞ்சித் தண்ணீரும் ஒரு சொட்டு பிளீச்சிங்கும் விட்டாள். அயோடின் மிச்சமிருந்தால் நீலமாகுமாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம். பக்கத்து சீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். நீலம் வரவேயில்லை.

"புடிச்சிடிச்சிண்ணா! புடிச்சிடிச்சி!" என்று குதித்துக் கத்தியவள், பக்கத்து சீட்டைப் பார்த்துத் தெலுங்கிலும் கத்தினாள்: "பட்டேசிந்தி!"

திருப்பதியில் அவள் இறங்கி ஓடிய வேகத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. மருந்து குடித்த அந்த நாட்களில் நான் கை கழுவிய தண்ணீரைக் கண்டாலே எல்லோரும் விலகிப் போவார்கள். அப்படிப்பட்ட தண்ணீருக்காக ஒருத்தி சந்தோஷத்தில் குதித்ததை அன்றுதான் பார்த்தேன்.