பெட்ரோல் மூடி

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அடையாறு பாலத்தில் மகனுடைய பழைய கார் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. அவன் பெட்ரோல் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. அந்த வாசனையில் நான் சின்னப் பெண்ணாகிவிட்டேன்.

மயிலாப்பூரில் நைனா டாக்ஸி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை என்னையும் அக்காவையும் பீச்சுக்கு ஏற்றிப்போவார். அந்த வண்டியும் வழியில் இப்படி நிற்கும். மூடியைத் திறந்து மூடினால் கிளம்பும்.

“நைனா, இன்னிக்கு நான் தொறக்கறேன்.”

“நீ கம்முனு குந்து. அக்கா தொறந்துக்கும்.”

திறந்துவிட்டு வந்து, பெட்ரோல் வாசனைக் கையை என் மூக்கருகே நீட்டிச் சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும்.

நேற்று பாலத்தில், “மூடியில காத்து போற ஓட்டை அடச்சிக்கினு கீது. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் இஞ்சினுக்கு வரும்” என்று மகனிடம் சொல்லி, புடவைப் பின்னைக் கழற்றிக் கொடுத்தேன். குத்தி அழுக்கை எடுத்தான். வண்டி ஓடியது.

“சூப்பர்மா! பெரிம்மா சொல்லிக் குடுத்துச்சா?”

பின்னை வாங்கி மறுபடி புடவையில் குத்திக்கொண்டேன்.

நான் சொன்ன காரணம் சரிதானா என்று வண்டி தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அக்காவைக் கேட்க வேண்டாம்.