மூன்றுக்கு மூன்று

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி என்பதை மட்டும் எந்த மருத்துவக் கல்லூரியும் டாக்டருக்குச் சொல்லித் தரவில்லை. குடல்நோய்ப் பிரிவில் நிபுணராகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த அவருக்கு நர்சுகள் வைத்த பெயர் ரேடியோ. பரிசோதனை மேஜையில் ஒருக்களித்துப் படுத்து நடுங்குபவர்களிடம் மழை, பேருந்து, மருமகன் என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். மயக்க மருந்து ஏறுவதற்குள் பாதிப் பயம் போய்விடும். நல்ல கைராசி என்று நோயாளிகள் சொல்வார்கள். கைக்கு அதில் பெரிய பங்கில்லை.

பயிற்சி முடிய வேண்டுமானால் ஓர் ஆராய்ச்சி செய்தாக வேண்டும். குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பதற்கு முந்தின நாள், நோயாளி பேதி மருந்து குடித்து வயிற்றைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். பலர் அரைகுறையாகக் குடித்துவிட்டு அப்பாவி முகத்தோடு வந்து நிற்பார்கள். ஆகவே பாதிப் பேருக்கு நர்ஸ் போன் செய்து நினைவூட்டுவார். மீதிப் பேருக்கு அச்சடித்த தாள் மட்டும். எந்தப் பிரிவின் குடல் கூடுதல் சுத்தம் என்பதுதான் டாக்டரின் கேள்வி. அவர் ஒவ்வொரு குடலுக்கும் மூன்றுக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். யாருக்குப் போன் போனது என்பது மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது.

"நேத்தைப் பத்தி நோயாளிகிட்ட மூச்சு விடக் கூடாது," என்று வழிகாட்டியான பேராசிரியை சொல்லியிருந்தார். டாக்டரும் பலமாகத் தலையாட்டினார்.

எல்லாம் முடிந்து பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோது, போன் வந்தவர்கள் மார்க்கில் வெளுத்து வாங்கியிருந்தார்கள். மாநாட்டில் வாசிக்கக் கூட அழைப்பு வந்துவிட்டது. டாக்டர் தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினார். பள்ளி ஆசிரியையான மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு பெரியவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'அந்தம்மா போன் பண்ணலேன்னா பாதி டம்ளரோட நிறுத்தியிருப்பேன்'னாரு! இன்னொருத்தங்க, 'எனக்கு ஏன் யாரும் பேசலை'ன்னு ஒரே குறை!"

மனைவியின் பேனா நின்றது. "இதெல்லாம் எப்போ சொன்னாங்க?"

"மேஜையில படுத்திருக்கும்போதுதான்."

"அப்போ, நீங்க மார்க் போடுறதுக்கு முன்னாடி?"

டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அவராக எதையும் கேட்கவில்லைதான். ஆனால் மழையில் தொடங்கும் பேச்சு எப்படியோ சுற்றிக்கொண்டு நேற்றைக்குப் போய்விடும்.

"நான் நியாயமாத்தான் போட்டேன்."

"நானும் நியாயமாத்தான் திருத்துறேன். அதுக்காகப் பேரை மறைக்காம திருத்துறதில்லை," என்று அடுத்த தாளை எடுத்தார் மனைவி.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் மாநாடு போச்சு. கூடப் படித்தவர்கள் நிபுணர்களாகி வெளியேறும்போது இவர் மட்டும் பயிற்சி டாக்டராகவே நிற்க வேண்டும். சில நாட்கள் ரேடியோ பாடவில்லை. காய்ச்சலோ என்று நர்சுகள் கவலைப்பட்டார்கள்.

கடைசியில், பரிசோதனைகளின் வீடியோக்களைத் தூக்கிக்கொண்டு, கூடப் பயிலும் இன்னொரு டாக்டரிடம் போனார். அவர் பெயர் மௌனசாமி. அதுவும் நர்சுகள் வைத்ததுதான். எந்தக் குடல் யாருடையது என்று அறியாமல் அவர் புதிதாக மார்க் போட்டார். இரண்டு பிரிவுக்கும் பேருக்குத்தான் வித்தியாசம் இருந்தது.

"உங்களுக்கு ரொம்பத் தாராளக் கை," என்றார் மௌனசாமி. அந்த ஆண்டில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

டாக்டருக்குக் கூசிப்போயிற்று. அவர் பொய் எழுதவில்லை. அவருடைய கண்தான், ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பக்கத்துக்கு அவரைக் கேட்காமலே அள்ளிக் கொடுத்திருந்தது. நேராகப் பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"மௌனசாமி போட்ட மார்க்கை வெச்சு முடிச்சிடலாமா, மேடம்?"

"போன் வந்தவங்களுக்கு நீங்க குழாய் வழியா உள்ளே கொஞ்சம் கூடுதலா தண்ணி விட்டுக் கழுவலைன்னு சத்தியமா சொல்ல முடியுமா?"

முடியவில்லை. மாநாட்டுக்கு வரவில்லை என்று தகவல் போயிற்று. ஆராய்ச்சி முதலிலிருந்து ஆரம்பமாயிற்று. கூடப் படித்தவர்களுக்கு நடந்த வழியனுப்பு விழாவில் இவர்தான் நாற்காலி எடுத்துப் போட்டார். வலிக்கத்தான் செய்தது.

புதிய ஆராய்ச்சியின் முதல் நோயாளி மேஜையில் வந்து படுத்தார். பேச்சில் டாக்டரையே தூக்கிச் சாப்பிடுகிற ஆள். மழை முடிந்தது, பேருந்து முடிந்தது, மருமகன் பாதியில் நின்றார்.

"அதை விடுங்க டாக்டர். நேத்து சாயங்காலம் என்ன ஆச்சுன்னா..."

டாக்டர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்!"

நர்ஸ் தன் காதையே நம்பாமல் திரும்பிப் பார்த்தார். நோயாளி கப்சிப்பென்று தூங்கிப்போனார். குழாய் உள்ளே போய்த் திரும்பியது. டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்து, இரண்டு மார்க் போட்டார். மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. மூன்று போட ஆசையாகத்தான் இருந்தது.