ஏகநாதன் பாக்கெட்டில் இருந்த வெல்லம்

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் சகுந்தலாவின் வீட்டு அடுப்பில் காலையில் முதலில் கொதிப்பது காப்பி இல்லை, ஊசி. கண்ணாடி சிரிஞ்சைச் சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொதிக்கவைப்பாள். இன்சுலின் பாட்டில் ஈரமணல் போட்ட மண்சட்டிக்குள் குளுமையாக இருக்கும். அறுபதுகளில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் ஐஸ் பெட்டிக்கு எங்கே போவது?

இன்னொரு வேலையும் உண்டு. கணவன் ஏகநாதனின் சிறுநீரைச் சில சொட்டு எடுத்து, நீல மருந்து ஊற்றிய கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவாள். நீலமாகவே நின்றால் நிம்மதி. செங்கல் நிறம் வந்தால் சக்கரை ஏறியிருக்கிறது, அன்றைக்குத் திட்டு.

"நேத்து பன்னு துன்னியா? உண்மைய சொல்லு."

"மூத்திரத்த வெச்சே புடிச்சிடறாளே! நீ போலீஸ்ல சேர வேண்டியவடி."

சிரித்துக்கொண்டேதான் அந்த ஊசியை அவன் தாங்கினான். அரிசிச் சோற்றை விட்டுக் களிக்கு மாறினான். மாலையில் அவளோடு கொஞ்ச தூரம் நடந்தான். புண்ணாகியிருந்த கால் ஆறியது. அவனைத் தான் காப்பாற்றிவிட்டதாகவே அவள் நம்பினாள்.

கம்பவுண்டர் துளசிராமன் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தார். "ஊசி போட்ட பிறகு சாப்பாடு லேட்டாச்சுன்னா சக்கரை ஒரேடியா எறங்கிடும்மா. வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு ஒளறும். ஒடனே வெல்லத்த வாயில போட்டுக்கணும். கூட வேல செய்றவங்ககிட்டயும் சொல்லி வைங்க."

தினமும் ஒரு துண்டு வெல்லத்தைக் காகிதத்தில் சுற்றி அவன் பாக்கெட்டில் வைத்தாள். ஆனால் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்ல அவன் விடவில்லை.

"ஊசி போடறேன்னு தெரிஞ்சா கீழ எறங்க விடமாட்டாங்க. சக்கரை வியாதின்னு மட்டும் சிரிலுக்குத் தெரியும். அது போதும்."

சிரில் அவனோடு சுரங்கத்துக்குள் ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிப்டில், இறங்கும் கூட்டாளி, அவளைக் கூடப் பிறந்த அக்கா மாதிரி நினைப்பவன். அவனிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்.

"இனிப்ப கண்டா இவரு கைய அடக்க மாட்டாரு. நீதான்பா பாத்துக்கணும்."

"நான் கீறேன்க்கா. வாயில வெக்க வுடமாட்டேன்."

கோடையில் ஒரு நாள். உடைத்த பாறை நிறையக் கிடந்தது. அள்ளி முடித்துவிட்டே சாப்பிடலாம் என்று ஏகநாதனே சொன்னான். அந்த ஆழத்து லெவலில் பாறையே சுடும், எல்லோருக்கும் வேர்வை கொட்டும். அதனால் அவனுக்கு வேர்த்ததை யாரும் கவனிக்கவில்லை. கை நடுங்கியது. பேச்சு குழறியது. தட்டுத் தடுமாறிப் பாக்கெட்டிலிருந்து வெல்லத்தை எடுத்தான்.

"டேய், அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று சிரில் அதைப் பிடுங்கிவிட்டான்.

ஏகநாதன் ஏதோ சொல்லப் பார்த்தான், வார்த்தை வரவில்லை. அவன் சரிந்ததும், சூட்டு மயக்கம் என்று நினைத்து, சுரங்கத்தில் எல்லோருக்கும் செய்வதைத்தான் செய்தார்கள். காற்று வரும் பக்கம் படுக்கவைத்து, உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். கேஜ் மேலே வந்தபோது உயிர் இல்லை.

வீட்டு வாசலில் சிரில் விம்மிக்கொண்டே அந்தக் காகிதப் பொட்டலத்தை நீட்டினான்.

"பாக்கெட்ல ஒளிச்சி வெச்சிருந்தான்க்கா. ஆனா நான் துன்ன வுடல. கடைசி வரைக்கும் உன் பேச்சக் காப்பாத்துனேன்க்கா."

சகுந்தலா பொட்டலத்தைப் பார்த்தாள். காலையில் அவளே சுற்றிய காகிதம். எல்லாம் புரிந்துவிட்டது. அதை வாங்கி உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் துளசிராமன் ஓடிவந்தார். "எப்படிம்மா ஆச்சு? பாக்கெட்ல வெல்லம்..."

"அத இப்ப இன்னாத்துக்கு சார் கேக்கறீங்க?"

அவள் குரலில் இருந்த எதுவோ அவரை நிறுத்தியது. அவள் மூடிய கையையும், காலடியில் உட்கார்ந்து அழுகிற சிரிலையும் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

"எழுந்திரு சிரிலு," என்றாள் சகுந்தலா. "நீ நல்லாத்தான்பா பாத்துக்கின."

எப்படித்தான் அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததோ! மூடிய கைக்குள் வெல்லம் கசிந்து பிசுபிசுத்தது. பிணத்தை எடுக்கும் வரை அந்தக் கையை அவள் திறக்கவே இல்லை.