சும்மா கெடக்குன்னு சொன்னது என் வாய்தான்

அந்தக் கருவி 'கீ... கீ...' என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

இரண்டாயிரத்து மூணோ நாலோ, சித்திரை வெயில். கடமலைக்குண்டு பக்கம் எங்கள் ஓடையில் தடுப்பணை கட்டப்போவதாகப் பேச்சு. எந்த இடம் என்று முடிவு பண்ண, தொப்பி போட்ட சர்வே சார் ஒருவர் வந்தார். அந்த ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலம் நிலமாக நடந்தார். பயிர் விளைகிற நிலத்தை ஒட்டித்தான் அணை வருமாம். அணை வந்தால் பக்கத்துக் கிணறு ஊறும்...

எனக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி, வற்றிப்போன ஒரு கிணறு. அதற்குக் கீழே என் கொழுந்தனின் தென்னந்தோப்பு.

"ஏம்மா, இங்க என்ன போட்டிருக்கீங்க?"

"இப்ப சும்மா கெடக்கு சார்."

எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆவணியில் சோளமும் மொச்சையும் விதைக்கிற வரை உழுத மண் சும்மா கிடக்கும். சித்திரையில் வந்து கேட்டால் வேறு என்ன சொல்ல?

சார் இங்கிலீஷில் ஏதோ எழுதினார். நான் மூணாங்கிளாஸ். கொழுந்தன் பத்தாவது பாஸ். சாருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தபடி பேப்பரை எட்டிப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐப்பசியில் பஞ்சாயத்து ஆபீஸில் மேப் ஒட்டினார்கள். என் நிலம் மட்டும் வெள்ளையாக இருந்தது. கிளார்க்கிடம் கேட்டேன்.

"தரிசுன்னு போட்ருக்காக ஆத்தா. மேல அனுப்பியாச்சு, இனி மாத்த முடியாது."

அன்றைக்கு என் நிலத்தில் சோளம் நெஞ்சு உயரம் நின்றது.

நேரே தோப்புக்குப் போனேன்.

"ஏலே, அந்தாளு தரிசுன்னு எழுதுனத நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேன் மதினி."

"பெறகு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"சும்மா கெடக்குன்னு நீங்கதான சொன்னீக? நான் எதுக்கு நடுவுல பேசணும்?"

அணை அவன் தோப்பை ஒட்டி வந்தது. என் கிணறு ஊறவே இல்லை. அடுத்தடுத்து மழை பொய்த்தது, விதைப்பதை விட்டேன். அவன் வீட்டு விசேஷம் ஒன்றிலும் இன்றுவரை நான் கை நனைத்ததில்லை. நனைக்கவும் மாட்டேன்.

அப்போதாவது ஒரு ஆள் நடந்து வந்து வாயைத் திறந்து கேட்டார். இப்போது அதுவும் இல்லை... எல்லாம் வானத்திலிருந்தே படம் எடுத்துவிடுகிறார்களாம். போன வாரம் மருமகள் போனில் காட்டினாள். தோப்பு கரும்பச்சையாக இருந்தது. மேலே வெளுத்த மண், நாலு வேலிக்கருவை.

"இதா அத்தை நம்ம நெலம்?"

ஆமாம் என்றேன்.

அன்றைக்கு அந்த சார் எழுதியது பொய். இந்தப் படத்தில் பொய்யே இல்லை.