வண்டியை விட்டு யார் இறங்குவது?

போன மாதம் தாடிக்கொம்பு பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டு, திண்டுக்கல் வழியாக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணனுடைய காரை நான்தான் ஓட்டினேன். பைபாஸ் ஏறும் இடத்தில் இரும்புத் தடுப்பு வைத்துப் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் கை காட்டினார்கள். ஓரம் கட்டினேன். இன்ஜினை அணைத்தேன், கண்ணாடியை இறக்கினேன், இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் விரல் விரித்து வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். முன்னால் நின்ற காரிலிருந்தும் பக்கத்தில் நின்ற பைக்குகளிலிருந்தும் ஆட்கள் தாங்களாகவே இறங்கி, கையில் காகிதங்களோடு சப்-இன்ஸ்பெக்டரை நோக்கி நடந்தார்கள். நான் மட்டும் அசையவில்லை. அவர் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை, வேறு வழியில்லாமல் அவரே நடந்து வந்தார்.

"ஏம்மா, எறங்கி வர மாட்டீகளா? கை ரெண்டும் அதுலயே ஒட்டிக்கிருச்சா?"

பக்கத்து சீட்டில் இருந்த அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இருமல் வரும் வரை சிரித்துவிட்டுச் சொன்னார்: "சார், தப்பா நெனைக்காதீக. இது என் தங்கச்சி. அமெரிக்காவுல சட்டம் சொல்லிக்குடுக்குற வாத்தியாரு. அங்கன போலீஸ் நிப்பாட்டுனா எறங்கக் கூடாது. எறங்குனாத் துப்பாக்கிய நீட்டிப்புடுவாக."

"சட்டம் சொல்லிக்குடுக்குற அம்மாவுக்கேவா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அதற்குள் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. அவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க டீச்சர்" என்று அனுப்பிவைத்தார். கேள்வி மட்டும் காருக்குள்ளேயே தங்கிவிட்டது. சட்டம் சொல்லிக்கொடுக்கிற அம்மாவுக்கேவா? ஆமாம் சார், அந்த அம்மாவுக்கேதான். அவளுடைய அண்ணனுக்கும்தான்.

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மல்லிகையும் கத்தரிக்காயும் போடுகிற குடும்பம். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு வக்கீல் படிப்பு என்று ஊரே கேட்டபோது, "எங்க வீட்டுப் புள்ள, நாங்க படிக்க வைக்கிறோம், ஒங்களுக்கு என்ன?" என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்தவர் அண்ணன் ராமசாமி. மதுரையில் படித்து, பிறகு அமெரிக்கா போய், இப்போது அந்த நாட்டின் நடுப்பகுதியில், சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பல்கலைக்கழக ஊரில் பேராசிரியராக இருக்கிறேன். குற்றவியல் நடைமுறை என் பாடம். போலீஸ் ஒருவரை எப்போது நிறுத்தலாம், எப்போது சோதனை போடலாம், எதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதைத்தான் வருடம் முழுவதும் சொல்லித்தருகிறேன்.

எனக்குக் கர்வம் கொஞ்சம் ஜாஸ்தி. ஒளிப்பானேன்? வகுப்பில் நுழைந்த முதல் நாள், ஒரு மாணவன் என்னை ரிப்பேர் செய்ய வந்தவள் என்று நினைத்து, புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்று புகார் சொன்னான். ஒயரைச் சரியாகச் சொருகி ஓடவிட்டேன். பிறகு நேராக மேடைக்குப் போய் மைக்கை மாட்டிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் 'ரெட்டியார்சத்திரம்' என்று போர்டில் எழுதி, சொல்லிப் பழகிக்கொண்டு வாருங்கள் என்பேன். நாளைக்கு நீதிபதி முன் நிற்கப் போகிறவர்கள், வாயில் நுழையாத பெயரை மரியாதையாகச் சொல்லக் கற்றுக்கொள்ளட்டும். பெரும்பாலும் 'ட்டி'யில் தடுக்கி விழுவார்கள். நான் விடமாட்டேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அண்ணன் என்னோடு மூன்று மாதம் இருக்க வந்தார். அண்ணி வரவில்லை. மாடுகளை யார் பார்ப்பது என்று கேட்டுவிட்டார். அண்ணன் அங்கேயும் வேட்டிதான். நல்ல கோடைக்காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்து நகரத்துக் கோவிலுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழன்றது. பிறகுதான் தெரிந்தது, என் காரின் பிரேக் விளக்கு ஒன்று எரியவில்லை. ஓரம் கட்டி, கையை ஸ்டியரிங்கில் வைத்தேன். "அண்ணே, அப்படியே இருங்க" என்று சொல்வதற்குள் அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

அவர் இறங்காமல் வேறு என்ன செய்வார்? தாசில்தார் ஜீப் எதிரே வந்தால் புல்லட்டை நிறுத்தி இறங்கி நின்றவர். இன்ஸ்பெக்டர் வீட்டு வாசலுக்கு வந்தால் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனவர். எங்கள் பக்கம் வண்டியில் உட்கார்ந்தபடி அதிகாரியிடம் பேசுகிறவனுக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர். இறங்கினால் மட்டும் போதாது, மடித்துக் கட்டியிருக்கும் வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிவிட வேண்டும். முழங்கால் தெரிய நிற்பது மரியாதை இல்லை. காரில் வசதிக்காக வேட்டியை மடித்துக் கட்டியிருந்த அண்ணன், இறங்கியதும் போலீஸ்காரரைப் பார்த்துத் திரும்பி, வேட்டியை இறக்கிவிடுவதற்காக இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கொண்டுபோனார்.

அந்த நாட்டில் போலீஸ்காரர் முன்னால் ஒருவன் கை இடுப்புக்குப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கண்ணாடியில் பார்க்கிறேன், துப்பாக்கி வெளியே வந்துவிட்டது. சின்ன வயது வெள்ளைக்கார அதிகாரி. "அசையாதே! கையைக் காட்டு!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அண்ணனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நான் இறங்கி ஓடினால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்பது எனக்குத் தெரியும், அதைத்தானே பாடமாக நடத்துகிறேன்! உட்கார்ந்த இடத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன்: "அண்ணே! வேட்டிய விடுங்க! கைய மேல தூக்குங்க!" அடுத்த மூச்சில் ஆங்கிலத்தில், "அவர் என் அண்ணன், உங்களுக்கு மரியாதை செய்கிறார்" என்றேன். "மரியாதையா?" என்று கேட்டார் அதிகாரி. அவருக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும். அண்ணன் கைகளை மேலே தூக்கினார். தூக்கிய கைகள் தலைக்கு மேல் தாமாகவே சேர்ந்துகொண்டன. கோவிலில் நிற்பது போல, கும்பிட்டபடி நின்றார். துப்பாக்கி மெதுவாகக் கீழே இறங்கியது.

விளக்கை மாற்றச் சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான். "அடுத்த முறை அவரை உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள்" என்றார். எத்தனையோ தீர்ப்புகளை மனப்பாடமாக ஒப்பிப்பவள் நான். அன்று "சரி" என்று மட்டும் சொல்லிச் சீட்டை வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி குடிக்கும்போது சொன்னார்:

"நான் அவனக் கும்புடல தாயி. பயத்துல கை தானாச் சேந்துருச்சு. ஊருல ஒருத்தருக்கும் இது தெரிய வேணாம்."

ஊருக்குச் சொல்லவில்லை, ஆனால் சும்மா விடவும் இல்லை. அந்த ஊர் போலீஸ் இலாகாவுக்குப் புகார் எழுதினேன். பதில் வந்தது, இரண்டே பத்தி. அதிகாரி விதிகளின்படி நடந்துகொண்டார் என்று சொன்னது. அதில் சட்டப் பிழை ஏதாவது இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன், ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை. நியாயமான மனிதன் ஒருவன் அந்த இடத்தில் பயந்திருப்பானா என்றுதான் சட்டம் கேட்கும். அந்த நியாயமான மனிதன் எப்போதும் பேண்ட் போட்டவன். வேட்டியை ஏன் இறக்கிவிடுகிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. சரி, நாம் சொல்லித்தருவோம் என்று முடிவு செய்தேன். அண்ணனை வகுப்புக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். "நீங்க படிக்க வச்ச புள்ள என்ன வேல பாக்குதுன்னு பாக்க வேணாமா?" என்று கேட்டேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்.

வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் முன்வரிசையில் சலவை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். டெனிஸ் என்று ஒரு கறுப்பினப் பெண், என் நல்ல மாணவிகளில் ஒருத்தி, எழுந்தாள். தங்கள் வீட்டில் கார் ஓட்டப் பழகுவதற்கு முன் இதைத்தான் பழக்குவார்கள் என்றாள். சாப்பாட்டு மேஜையில் தட்டை வைத்து, இதுதான் ஸ்டியரிங், கையை எடுக்காதே என்று அம்மா பல நாள் உட்கார வைத்தாராம். பிறகு அண்ணனைப் பார்த்து, "நீங்கள் ஏன் இறங்கினீர்கள்?" என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்.

"பெரிய மனுசன் வந்தா எறங்குறதுதான மரியாத?" என்றார் அண்ணன்.

"உங்களுக்காக யாராவது இறங்கியிருக்கிறார்களா?"

அதையும் மொழிபெயர்த்தேன். அண்ணன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எறங்கியிருக்காகம்மா. எங்க தெருவுல காலனி ஆளுக சைக்கிள விட்டு எறங்கி, செருப்பக் கையில எடுத்துக்கிட்டுத்தான் போவாக. எனக்கும் எறங்கியிருக்காக. அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. அன்னைக்கு ரோட்டுல கையத் தூக்கிக்கிட்டு நின்னேன் பாரு, அப்பத்தான் தோணுச்சு."

பேசிவிட்டு என்னைப் பார்த்தார், நீ சொல்லு என்பது போல. இத்தனை வருடம் அந்த வகுப்பில் நிறத்தைப் பற்றிப் பேசியபோதெல்லாம், நான் அடி வாங்கிய பக்கத்து ஆளாகவே பேசியிருக்கிறேன். புரொஜெக்டர் கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் தெருக் கதையை ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. எட்டு வயதுச் சிறுமியாகப் புத்தகப் பையோடு நான் நடந்து போகும்போது, எனக்காகவும் பெரிய ஆட்கள் சைக்கிளிலிருந்து இறங்கியிருக்கிறார்கள். அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த அறையில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. இரண்டு வார்த்தையை மாற்றிச் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. செருப்பைக் கையில் எடுத்தது வரை அப்படியே சொன்னேன். கடைசியில், "எனக்காகவும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

டெனிஸ் தலையாட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் அண்ணனிடம் வந்து கை நீட்டினாள். பெண்களோடு கைகுலுக்கிப் பழக்கமில்லாத அண்ணன், இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இரு தாயி" என்றார். என்னைத் தவிர அவர் வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு அன்று வந்த பெருமை, பட்டம் வாங்கிய நாளில் கூட வந்ததில்லை. பத்தாம் வகுப்போடு நின்ற மனிதர். எங்கள் பாடப் புத்தகம் சுற்றி வளைத்துச் சொல்வதை நாலு வரியில், தன்னையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிச் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்கு நான் தங்கச்சி!

ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்ன கதையின் நுனியைத்தான் போன மாதம் போலீஸ் தடுப்பில் அவரே சிரித்துக்கொண்டு அவிழ்த்துவிட்டார். "என்னண்ணே, தெரியக் கூடாதுன்னு சொன்னீக?" என்று வழியில் கேட்டேன். "அதெல்லாம் ஊருல எப்பவோ சொல்லியாச்சு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.

எங்கள் ஊருக்குத் திரும்பும் மண் ரோட்டில் எதிரே மாரிமுத்து வந்தார். அண்ணன் வயதுதான். எங்கள் தோட்டத்தில் பல வருடம் வேலை செய்தவர், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் தக்காளி போடுகிறார். மொபெட்டில் பின்னால் புல்லுக்கட்டு. அவருடைய மகன் எங்கள் தெருவில் பைக்கில் விர்ரென்று போகிறான், யாரும் கேட்பதில்லை. மாரிமுத்துதான் இன்னமும் மாறவில்லை. காரைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

"நிப்பாட்டு தாயி, நிப்பாட்டு!" என்றார் அண்ணன். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து, மாரிமுத்து இறங்கும் முன்னால் இவர் இறங்கிவிட்டார்.

"என்னங்கய்யா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று பதறி, தானும் இறங்கினார் மாரிமுத்து.

"இல்லப்பா. சும்மாதான் எறங்குனேன்."

"சும்மாவா?" மாரிமுத்து காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெனமும் இதே வேலையாப் போச்சுங்கய்யா ஒங்களுக்கு. ஏறுங்க மொதல்ல."

"நீ எறங்காமப் போனா நான் ஏன்ப்பா எறங்குறேன்? நீ ஏறு."

"நீங்க ஏறாம நான் எப்பிடி ஏறுறது?"

தினமுமா! மூன்று வருடமாக இப்படி நடக்கிறது, வாரம் தவறாமல் பேசுகிற ஃபோனில் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு வண்டிப் பக்கத்தில் நின்றார்கள், இரண்டு பேரும் ஏறவில்லை. பின்னால் டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. நானும் இறங்க வேண்டும் என்று தோன்றியது. எட்டு வயதிலிருந்து பாக்கி நிற்கிறது. ஆனால் வண்டி நின்றதுமே என் இரண்டு கைகளும் வழக்கம்போல ஸ்டியரிங்கின் மேல் போய் விரிந்து படுத்துவிட்டிருந்தன. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கதவைத் திறந்து வலது காலை மண்ணில் வைத்தேன். இடது கால் கிளட்சிலேயே இருந்தது, பிரேக்கை இழுத்த இடது கையும் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது.

"பாப்பாவும் எறங்குதா?" என்றார் மாரிமுத்து.